மேல ஆள், கீழ ஆள்

போன வாரம் என் தங்கை குடையைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்த இடத்தில் கதையை நிறுத்தியிருந்தேன். பாவம், ஒரு வாரமாக ஒற்றைக் காலில் நிற்கிறாள். முதலில் அவளை இறக்கிவிடுவோம்.

புதிதாகப் படிக்க வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்களுடையது லிஃப்ட்டால் சோறு தின்கிற குடும்பம். நான் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் லிஃப்ட் ஓட்டினேன். முக்காலியில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தியே நான் மேலே போன தூரத்தைக் கூட்டினால் நிலாவைத் தாண்டும். பயணப்படிதான் யாரும் தரவில்லை. தங்கை மகன், பெரியவன், லிஃப்ட் மெக்கானிக். மகள், சின்னவள், அதே கம்பெனியில் தொலைபேசி மேஜையில் இருக்கிறாள். ஊரில் எந்த லிஃப்ட்டில் யார் மாட்டிக்கொண்டு உதவிப் பொத்தானை அழுத்தினாலும் அவள் காதில்தான் கத்துவார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரைப் பெற்ற என் தங்கை லிஃப்ட்டில் ஏறமாட்டாள்.

"பெட்டிக்குள்ள போட்டு மூடறதுக்கு எனக்கு இன்னும் வேளை வரல" என்பாள்.

பெரியவனுக்குக் கொஞ்ச நாளாகவே சாப்பாடு இறங்கவில்லை. டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் தானாக ஆடுகிறது. ஏன் என்று அவன் அம்மாவுக்குத் தெரியாது. சின்னவளிடம் மட்டும் சொல்லி அழுதான். எனக்கும் தெரியும். காது மந்தம் என்று பெயர் வாங்கிவிட்ட கிழவனுக்குத் தெரியாத ரகசியம் எந்த வீட்டிலும் இருக்காது.

நடந்தது இதுதான். லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி வேலை பார்க்கிறவன், ஏறும் முன் "மேல ஆள்!" என்று கத்தவேண்டும். கூட வந்தவன் "கீழ ஆள்!" என்று பதில் கத்தவேண்டும். பதில் வராமல் காலை வைக்கக்கூடாது. ஒருநாள் அவசரத்தில் பெரியவன் கத்தாமல் ஏறிவிட்டான். கூட வந்தவன் ஆளில்லை என்று நினைத்து மோட்டாரைப் போட்டான். கூரை இவனைத் தூக்கிக்கொண்டு மேலே போயிற்று. கான்கிரீட்டில் தலை முட்டி, கழுத்து வளைந்து, இவன் மண்டியிட்டு, பிறகு படுத்து... அப்புறம்தான் நின்றது.

அன்றிலிருந்து அவன் எந்தக் கூரைமேலும் கால் வைக்கவில்லை. கீழே நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு "எல்லாம் சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறான். கம்பெனியும் நம்பிக்கொண்டிருக்கிறது.

மகன் வாயைத் திறக்காததால், பூசைக்குப் போய்விட்டு அப்படியே கம்பெனிக்குப் போய் மகளைக் கேட்டுவிடுவது என்று தங்கை கிளம்பினாள். அங்கேதான் ஒற்றைக் கால்.

அன்று விண்ணேற்றப் பெருவிழா. வியாழக்கிழமை. ஆண்டவர் மேலே போன நாள் என்றாலும் மனிதர்கள் வேலைக்குப் போகவேண்டிய நாள். அதனால் பூசை காலையிலேயே முடிந்துவிட்டது.

எங்கள் கோவிலில் பீடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய படம் உண்டு. சீடர்கள் அண்ணாந்து நிற்பார்கள். மேலே ஒரு மேகம். மேகத்துக்கு அடியில் இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் மேகத்துக்குள். வரைந்தவனுக்குத் துணி போதவில்லை என்று நான் பலரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். ஃபாதர் அதை ஒருமுறை பிரசங்கத்திலேயே மறுத்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் தங்கை அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஃபாதர், பிறந்ததுக்கு விழா, சரி. உயிர்த்ததுக்கு விழா, சரி. விட்டுட்டுப் போனதுக்கு எதுக்கு விழா? வீட்ல ஒருத்தர் கிளம்பிப் போனா நாம அழத்தானே செய்வோம்?"

ஃபாதர் இளம் ஆள். கொஞ்சம் யோசித்தார். "இங்கேயே இருந்திருந்தா ஒரு ஊர்லதான்மா இருந்திருப்பார். இப்ப எல்லா இடத்துலயும் இருக்கார்ல?"

"எல்லா இடத்துலயும் இருக்கார்னு சொன்னா எங்கயும் காணோம்னுதான் அர்த்தம்" என்று சொல்லிவிட்டு என் தங்கை குடையை விரித்தாள். ஃபாதர் என்னைப் பார்த்தார். நான் மேகத்தைப் பார்த்தேன்.

கம்பெனி ஒரு உயரமான கட்டடத்தின் உச்சி மாடியில் இருக்கிறது. வாசலில் வந்து நின்றதும் தங்கை படிகளைப் பார்த்தாள். படிகளும் அவளைப் பார்த்தன. அவளுக்கு முழங்கால் வலி, அதோடு மூச்சிரைப்பு.

"இன்னைக்கு ஒருநாள் லிஃப்ட்ல ஏறும்மா. ஆண்டவரே ஏறின நாள்" என்றேன்.

"அவருக்குக் கதவு கிடையாது அண்ணா."

ஆனாலும் ஏறினாள். மகன்மேல் உள்ள கவலை லிஃப்ட்மேல் உள்ள பயத்தைத் தள்ளிவிட்டது. ஏறியதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் பழைய பழக்கத்தில் "மேலே செல்கிறது, கதவோரம் நிற்காதீர்கள்" என்று அறிவித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மூன்று மாடி ஒழுங்காகப் போனது. அதற்கு மேல், தலைக்கு மேலே சாட்டை அடித்ததுபோல ஒரு சத்தம். பெட்டி துள்ளியது. எதையோ கடித்து இழுப்பதுபோல மோட்டார் ஒருமுறை இழுத்தது, இன்னொருமுறை இழுத்தது. ரப்பர் கருகும் வாடை வந்தது. பிறகு விளக்கும் போயிற்று, மின்விசிறியும் போயிற்று.

ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் பல்பு மட்டும் எரிந்தது. அதில் தங்கையின் முகம் மெழுகு மாதிரி இருந்தது.

"அண்ணா."

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா ஏன் உன் கை நடுங்குது?"

"அது உன் கை. நீ என் கையைப் பிடிச்சிருக்க."

எனக்குப் பயம் இல்லை. எல்லா மாடிப் பொத்தானையும் ஒருமுறை அழுத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். லிஃப்ட் அவ்வளவு சுலபமாக விழாது என்று எனக்குத் தெரியும். விழாது என்று தெரிந்தவனும், விழாமல் தொங்கிக்கொண்டிருக்கும்போது அதை அவ்வளவாக நம்புவதில்லை.

உதவிப் பொத்தானை அழுத்தினேன். இனிமையான ஒரு குரல் வந்தது.

"வணக்கம். பதற்றப்பட வேண்டாம். நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள். எந்தக் கட்டடம்?"

"உங்க கட்டடம்தான்டி" என்றாள் தங்கை.

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"அம்மா?... அம்மா, நீ எப்படி லிஃப்ட்ல?"

"ஆண்டவர் ஏறின நாளுன்னு உங்க மாமா ஏத்திவிட்டார்."

"மூச்சு எப்படிம்மா இருக்கு? மருந்துக் குழாய் கையில இருக்கா?"

தங்கை பையைத் துழாவினாள். ஜெபமாலை வந்தது, கைக்குட்டை வந்தது, வீட்டுச் சாவி வந்தது. மூச்சுக்கு உறிஞ்சுகிற அந்தக் குழாய் வரவில்லை. அது எந்தச் சட்டியின் பக்கத்தில் எந்தப் பலகைமேல் இருக்கிறது என்று அவளுக்கு மிகத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அதைச் சொல்லவும் செய்தாள்.

"சரிம்மா. பேசாதே. மெதுவா மூச்சு விடு. மெக்கானிக் வர்றாங்க."

"யாரு வர்றா?"

சின்னவள் காகிதங்களைப் புரட்டும் சத்தம் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. மற்றவர்கள் எல்லாம் ஊரின் எந்த மூலையிலோ இருக்கிறார்கள். கட்டடத்தில் இருப்பவன் ஒருவன்தான். கீழ்த்தளத்து ஸ்டோரில் திருகாணிகளைப் பிரித்து அடுக்கும் சாக்கில் ஒளிந்துகொண்டிருப்பவன்.

"அண்ணன்தான்மா" என்றாள் கடைசியில்.

"அவனா!" தங்கையின் தோள் தளர்ந்தது. "அப்புறம் என்னடி பயம்? அவன் வந்தா சரியாயிடும்."

எனக்கு நிஜமான பயம் அப்போதுதான் வந்தது.

அவள் மூச்சு மெல்ல விசில் அடிக்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையை உருட்டினாள். மணி ஒன்று நகர்வதற்குள் விசில் இரண்டு முறை கேட்டது. என்ன செய்வது என்று தெரியாத இடத்தில் நான் வழக்கமாகச் செய்வதையே செய்தேன். கதை சொன்னேன்.

"எங்க கடை லிஃப்ட் ஒருதடவை நின்னுடுச்சு. உள்ள ஒரு பையனும் ஒரு பொண்ணும். முன்னப்பின்ன தெரியாதவங்க. கதவைத் திறக்கும்போது அவங்க மகனுக்குப் பள்ளிக்கூடம் போற வயசு."

"பொய்."

"சீருடை நம்ம கடையிலதான் எடுத்தாங்க. நானே மாடி காட்டினேன்."

"பொய் சொல்லாதே அண்ணா... இன்னைக்குத் திருநாள்." ஆனால் வாயோரம் கொஞ்சம் அசைந்தது. மூச்சும் ஒருமுறை முழுதாக உள்ளே போனது. நான் அடுத்ததைத் தொடங்கினேன். கூரையைப் பிய்த்துக்கொண்டு போய் மேகத்தில் நின்ற லிஃப்ட்டைப் பற்றியது. அதில் வந்த ஒரு அம்மாள் வெளியே எட்டிப் பார்த்து, "இது புடவை மாடி இல்லையே" என்று திரும்பவும் உள்ளே வந்துவிட்டாள்.

மேலே கதவை நெம்பும் சத்தம் கேட்டது.

நாங்கள் இருவரும் அண்ணாந்து பார்த்தோம்.

நாலாவது மாடிக் கதவைத் திறந்திருக்கிறான். நின்றுபோன மின்விசிறியின் கம்பிவலை வழியாக வெளிச்சம் கோடு கோடாக விழுந்தது. யாரோ மூச்சு வாங்குவது கேட்டது. எங்களுக்கு மேலே ஓர் எட்டு வைத்தால் கூரை. அந்த எட்டு வரவில்லை.

காத்திருந்தோம். வரவில்லை.

"என்ன பண்றான் அவன்?" என்றாள் தங்கை.

ஒலிபெருக்கியில் சின்னவள் முணுமுணுத்தாள்: "மாமா... அண்ணனால முடியுமா?"

"என்ன முடியுமா?" தங்கை என் பக்கம் திரும்பினாள். "என்னன்னு கேக்கறேன்ல?"

அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவளிடம் எனக்கு ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. எனக்குப் பொய் வராமல் போனது அதுவே முதல் தடவை என்பதை வாசகர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். சொல்லிவிட்டேன். 'மேல ஆள்', 'கீழ ஆள்' சட்டத்தை, அவன் கத்தாமல் ஏறியதை, கூரை தூக்கிக்கொண்டு போனதை, தலை முட்டியதை, அன்றிலிருந்து எந்தக் கூரைமேலும் ஏறாததை. இந்த லிஃப்ட்டின் கூரைமேலும்தான்.

அவள் என்னைத் திட்டவில்லை. ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"டேய்!"

"அம்மா." குரல் சின்னப் பையன் குரலாக இருந்தது.

"ஏன்டா நிக்கிற?"

"அம்மா, கதவை இழுக்கற பெல்ட்டு அறுந்து சந்துல மாட்டிக்கிச்சு. அதை எடுத்தாதான் லிஃப்ட்டு நகரும். இறங்கணும்." மேலே பூட்ஸ் தரையில் உரசியது. "எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்டா. உங்க மாமாவுக்கும் பயம். கதை சொல்லிட்டு இருக்கார் பாரு."

"பதில் சொல்ல ஆள் இல்லம்மா. துணைக்கு யாரும் இல்ல. சின்னவ பேசறது இங்க கேக்கல."

"நான் எதுக்குடா இங்க இருக்கேன்?" அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "நீ கூப்பிடு. நான் சொல்றேன்."

பிறகு, தொண்டையைக் கிழித்துக்கொண்டு வந்ததுபோல:

"மேல ஆள்!"

"கீழ ஆள்!" என்று கத்தினாள் என் தங்கை. அந்தச் சத்தத்தில் அவளுக்கு இருமல் வந்தது. இருமலோடு இன்னொருமுறை கத்தினாள்: "கீழ ஆள்டா!"

பெட்டி லேசாக அமுங்கியது. ஏறிவிட்டான்.

கம்பிவலை வழியாக நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள். ஆள் தெரியவில்லை. முகம் தெரியவில்லை. இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. தேய்ந்த பூட்ஸ், இடதுகால் ஓரத்தில் தையல் விட்டிருந்தது. அவள்தான் அதைத் தைக்கக் கொடுக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தாள்.

அவள் என் கையை விட்டுவிட்டாள்.

மேலே கத்தி ரப்பரை அறுக்கும் சத்தம். இடையில் நிற்கும். அப்போதெல்லாம் அவளே "என்னடா?" என்பாள். "கை நடுங்குதும்மா." "நடுங்கட்டும். நடுங்கற கையாலயே அறு." மறுபடி அறுக்கும் சத்தம். கடைசியில் பெல்ட் துண்டு செத்த பாம்பு மாதிரி கதவிடுக்கில் தெரிந்து, சரிந்து கீழே போயிற்று. அது தரையில் விழும் சத்தம் வர வெகுநேரமாயிற்று. கேட்டிருக்க வேண்டாம்.

"அம்மா, இப்ப மெதுவா மேல ஓட்டணும். நான் கூரைமேலயே இருந்து பொத்தானை அழுத்தணும்." அவன் நிறுத்தினான். "மேலதான் போகணும்மா."

அன்றைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் மேலேதான்.

"கூப்பிட்டுக்கிட்டே போ" என்றாள்.

"மேல ஆள்."

"கீழ ஆள்."

பெட்டி ஒரு சாண் ஏறி நின்றது.

"மேல ஆள்."

"கீழ ஆள்."

இன்னொரு சாண். அவள் குரல் குறைந்துகொண்டே வந்தது. விசிலுக்கு நடுவே சொல்லைத் தேடி எடுத்தாள். நான் சேர்ந்து சொல்லப் போனேன், கையால் தடுத்துவிட்டாள். இது அவளுக்கும் மேலே இருப்பவனுக்கும் நடுவில். ஒருமுறை அவன் கூப்பிட்டு, அவளால் பதில் சொல்ல முடியாமல் வாய் மட்டும் அசைந்தது. பெட்டி நகரவே இல்லை. அவன் காத்திருந்தான். அந்த உயரத்தில், கூரைமேல் நின்றபடியே காத்திருந்தான். அவள் குடையை எடுத்துக் கூரையைத் தட்டினாள், டக் டக்கென்று. பெட்டி நகர்ந்தது.

கதவை அவன் மேலிருந்து கையாலேயே தள்ளித் திறந்தான். காற்று வந்தது.

வெளியே சின்னவள் காதில் கம்பியில்லாத ஹெட்போனோடு நின்றாள். உச்சியிலிருந்து படியிலேயே ஓடி வந்திருக்கிறாள். யார் மேஜையிலிருந்தோ ஒரு மருந்துக் குழாயும் பறித்து வந்திருந்தாள். தங்கை தரையில் உட்கார்ந்து அதை வாயில் வைத்து உறிஞ்சினாள். கொஞ்ச நேரத்துக்கு அந்தச் சத்தத்தைத் தவிர உலகத்தில் வேறெதுவும் எங்களுக்குக் கேட்கவில்லை.

மூச்சு வந்ததும் அவள் முதலில் சொன்னது இது: "அண்ணா, அந்த ஃபாதர் சொன்னது சரியாத்தான் இருக்கும் போல. போனவர் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கார். நாமதான் பதில் சொல்றதில்ல."

"ஃபாதர் அப்படிச் சொல்லலையே" என்றேன்.

"அவருக்கு அவ்வளவு தெரியாது. சின்னப் பையன்."

பெரியவன் கூரையிலிருந்து இறங்கி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தான். முகமெல்லாம் கிரீஸ். அவள் அதைத் துடைக்கப் போய் இன்னும் பரப்பிவிட்டாள்.

அங்கேயே எல்லாம் முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஆனால் மேனேஜர் வந்துவிட்டார். கம்பெனியில் அவருக்கு ஐஸ்பெட்டி என்று பெயர். கோபத்திலும் அவர் முகத்தில் சூடு வராது. பெரியவன் கையிலிருந்த அறுந்த பெல்ட்டின் மிச்சத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஒரு நாள்ல அறுந்தது இல்ல. ஓரமெல்லாம் நாரா இருக்கு. கூரைமேல ஏறினவன் கண்ணுக்குத் தப்பாது. கடைசியா இதைப் பார்த்தது யாரு?"

சின்னவள் முந்திக்கொண்டாள். "சார், அம்மாவுக்கு மூச்சு..."

"நான்தான் சார்" என்றான் பெரியவன். எழுந்து நின்றான். "பார்க்கல. ஏறாமலே பார்த்துட்டேன்னு சொன்னேன்."

தங்கை அவன் கால்சட்டை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஐஸ்பெட்டி பெல்ட்டைக் கீழே வைத்தார். "இது ஒண்ணுதானா?"

"இல்ல சார். இன்னும் இருக்கு." தையல் விட்ட பூட்ஸைப் பார்த்தான். "தெருமுனை ஆஸ்பத்திரி லிஃப்ட்டும்."

எனக்குக் காது மந்தம் என்பது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று அப்போது நினைத்தேன். அந்த லிஃப்ட்டில் ஸ்ட்ரெச்சரில்தான் ஆட்கள் ஏறுகிறார்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் அவர்களால் பொத்தானை அழுத்தக்கூட எழுந்திருக்க முடியாது.

"உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசறேன்" என்றார் ஐஸ்பெட்டி. அவர் குரலே கொஞ்சம் மாறியிருந்தது. "முதல்ல போய் அதை நிறுத்து. நிறுத்திட்டு மேல ஏறிப் பாரு. துணைக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல சார். எல்லாரும் வெளியில."

"நான் இருக்கேன்" என்றாள் என் தங்கை, குடையை ஊன்றி எழுந்தபடி.

"அம்மா, இது கம்பெனி வேலை. நீங்க எப்படி..."

"கீழ ஒரு ஆள் நின்னு பதில் சொல்லணும். அவ்வளவுதானே உங்க சட்டம்? அதுக்குப் படிச்சிருக்கணுமா?"

ஐஸ்பெட்டி என்னைப் பார்த்தார். "நான் படிக்காமலே நிலாவைத் தாண்டிப் போய்வந்தவன் சார்" என்றேன்.

அவள் படியில் இறங்கத் தொடங்கினாள். ஒவ்வொரு படிக்கும் முழங்கால் முனகியது, மூச்சில் இன்னும் விசில் இருந்தது. கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு மகன் பின்னாலேயே போனான். பைக்குள் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலவென்று சத்தம் போட்டன.

அவர்கள் ஒரு மாடி இறங்கியிருப்பார்கள். சின்னவளின் காதில் மணி அடித்தது.

"வணக்கம். பதற்றப்பட வேண்டாம். நீங்கள் பாதுகாப்பாக..." என்று தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். அவள் முகத்திலிருந்த ரத்தம் எங்கேயோ போயிற்று. வாய்க்குமுன் இருந்த மைக்கைக் கையால் மூடிக்கொண்டு படிக்கட்டுக் கம்பியில் சாய்ந்து கீழே கத்தினாள்.

"அண்ணா! ஆஸ்பத்திரி! நடுவுல நின்னுடுச்சாம்! உள்ள ஸ்ட்ரெச்சர் இருக்காம்!"

கீழே ஸ்பேனர்களின் சத்தம் நின்றது. காலடிகளும் நின்றன. படிக்கட்டு முழுவதும் அவளுடைய கத்தல் மட்டும் சுற்றிச் சுற்றி இறங்கியது.

பிறகு கீழேயிருந்து, இருட்டுக்குள்ளிருந்து, என் தங்கையின் குரல் வந்தது.

"கேட்டுச்சு! வர்றோம்னு சொல்லு!"